வெறுங்கால் ஓட்டம்: அடி குறையுறதில்ல, இடம் மாறுது

ஓடுறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா இந்தப் பேச்சு எப்படியும் வந்துடும். ஒருத்தர் "மனுஷன் வெறுங்கால்ல ஓடப் பொறந்தவன், ஷூவைக் கழட்டிப் போடுங்க, முட்டி வலி தானா போயிடும்"னு சொல்வார். இன்னொருத்தர் "அதைக் கேட்டுட்டு பாதத்து எலும்புல விரிசல் விட்டு மாசக்கணக்குல உட்கார்ந்தவங்கள நான் பாத்திருக்கேன்"னு சொல்வார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. புதுசா ஓட வர்றவங்களுக்கு அதுதான் பெரிய குழப்பம், யாரை நம்புறதுன்னே தெரியாது. கடைசியில ஒண்ணு பயந்து ஒதுங்கிடுறாங்க, இல்ல ஒரு மெல்லிசான ஷூவை வாங்கி மறுநாளே வழக்கமா ஓடுற தூரத்த அப்படியே ஓடிடுறாங்க.

இந்த ரெண்டு பேச்சுக்கும் அடியில இருக்குறது ஒரே விஷயம்தான். அது புரிஞ்சா நமக்கு இது தேவையா இல்லையான்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம்.

பாதம் தரையில படுற அந்த நேரம்

நடக்கும்போது எப்பவும் ஒரு கால் தரையில இருக்கும். ஓடும்போது அப்படி இல்ல, ஒவ்வொரு எட்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டு காலும் காத்துல இருக்கு. அதனால ஓட்டத்துல ஒவ்வொரு எட்டும் ஒரு சின்னக் குதிதான், மேல போன உடம்பு கீழ வந்து ஒத்தக் கால்ல இறங்குது. நடக்குறப்ப காலுக்கு வர்ற பாரம் நம்ம உடம்பு எடைய விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஓடுறப்ப அது ரெண்டு மடங்குலேருந்து மூணு மடங்கு வரைக்கும் போகும். 60 கிலோ இருக்குறவருக்கு 120லேருந்து 180 கிலோ பாரம், அதுவும் நிமிஷத்துக்கு 150, 160 தடவை.

"நான் வீட்டுக்குள்ள எப்பவும் வெறுங்காலோடதான் இருக்கேன், எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்"னு நிறைய பேர் சொல்றாங்க. அது தோலுக்கு ஓரளவு பழக்கம், பாதத்துல இருக்குற சின்னச் சின்னத் தசைகளுக்கும் நல்லதுதான், ஆனா நடை பாரத்துக்குப் பழகுன கால் ஓட்டப் பாரத்துக்கும் தயாரா இருக்கும்னு சொல்ல முடியாது.

இப்ப வேகமா வர்ற கிரிக்கெட் பந்த வெறுங்கையில பிடிக்கிறத நெனச்சுப் பாருங்க. கைய விறைப்பா நீட்டி வெச்சுப் பிடிச்சா உள்ளங்கை எரியும், அதே பந்த கையக் கொஞ்சம் பின்னால வாங்கிப் பிடிச்சா வலி அவ்வளவா தெரியாது. பந்தோட வேகம் ரெண்டுலயும் ஒண்ணுதான், நிறுத்த எடுத்துக்குற நேரம் மட்டும் கூடுது. நேரம் கூடுனா அந்த நொடியில விழுற அடி குறையும். ஆனா கவனிங்க, கைய வாங்கிப் பிடிக்கிறப்ப முழங்கையும் தோளும் வேலை செய்யுது, உள்ளங்கைக்கு மிச்சமானத அவங்கதான் சுமக்குறாங்க. வெறுங்கால் ஓட்டத்தப் பத்தின எல்லா சண்டையும் இந்த ஒரு இடத்துலதான் இருக்கு.

குதிகாலா, முன்பாதமா

ஓடும்போது பாதம் மூணு விதமா தரையில படலாம். குதிகால் முதல்ல படுறது ஒண்ணு, இதை ஹீல் ஸ்ட்ரைக்னு சொல்றாங்க. விரலுக்குப் பின்னாடி இருக்குற மெத்துன்ன மேடு, அதாவது முன்பாதம், முதல்ல பட்டு அப்புறம் குதிகால் மெதுவா தரையத் தொடுறது இன்னொண்ணு. மொத்தப் பாதமும் ஏறக்குறைய ஒண்ணா படுறது மூணாவது.

குதிகால்ல இறங்குறப்ப பாதமும் அதுக்கு மேல இருக்குற கீழ்க்காலும் டக்னு ஒண்ணா நின்னுடுது. விறைப்பா நீட்டுன கை மாதிரிதான். பாதம் தரையில பட்டு சுமார் 50 மில்லி செகண்டுக்குள்ள, அதாவது ஒரு நொடிய இருபதா பிரிச்சா அதுல ஒரு பங்குக்குள்ள, பாரம் ஊசி மாதிரி சட்டுனு ஏறி இறங்குது. முன்பாதத்துல இறங்குனா கணுக்கால் மடங்குது, பின்னாடி இருக்குற ஆடுசதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே குதிகால மெதுவா கீழ விடுது. கை பின்னால வாங்குற கதை. அந்த ஊசி மாதிரியான ஏற்றம் பெரும்பாலும் காணாமப் போயிடுது.

2010ல ஹார்வர்டுல இருக்குற டேனியல் லீபர்மன் குழு நேச்சர் பத்திரிகையில எழுதுன ஆய்வு இதைத்தான் காட்டுச்சு. சின்ன வயசுலேருந்து வெறுங்கால்ல ஓடிப் பழகுனவங்க பெரும்பாலும் முன்பாதத்துல இறங்குறாங்க, ஷூவோடவே வளந்தவங்க பெரும்பாலும் குதிகால்ல இறங்குறாங்க, முன்பாதத்துல இறங்குறவங்களுக்கு கடினமான தரையிலயும் அந்த முதல் அடி ரொம்பக் குறைவா இருக்குன்னு. அந்த ஆய்வு ஓடுறவங்க மத்தியில தீ மாதிரி பரவுச்சு. பரவுறப்ப ஒரு விஷயம் நடுவுல எங்கயோ விட்டுப் போச்சு. அவங்க அளந்தது அடியோட வடிவத்த. வெறுங்கால்ல ஓடுனா காயமே வராதுன்னு அந்த ஆய்வு நிரூபிக்கவே இல்ல.

இதுவரைக்கும் பாத்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு எட்டும் ஒரு இறக்கம், குதிகால்ல இறங்குனா அடி சட்டுனு வரும், முன்பாதத்துல இறங்குனா அதே பாரம் கொஞ்சம் பரவி வரும்.

ஷூ இதுல என்ன பண்ணுது

வழக்கமான ஓட்ட ஷூ முக்கியமா ரெண்டு வேலை பண்ணுது. ஒண்ணு, குஷன், அதாவது அடியில இருக்குற நுரை, இது அமுங்கி அந்த ஊசி அடிய மழுக்குது. ரெண்டாவது, குதிகால் பக்கம் உயரமா இருக்கு. குதிகாலுக்கு அடியில இருக்குற உயரத்துக்கும் முன்பாதத்துக்கு அடியில இருக்குற உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ட்ராப்னு பேரு, சாதாரண ஷூக்கள்ல இது 10, 12 மில்லிமீட்டர் இருக்கும். குதிகால் உயரமாவும் மெத்துன்னும் இருக்குறதால குதிகால்ல இறங்குறது வலிக்காது, வலிக்காததால பலரும் அப்படியே ஓடிப் பழகிடுறாங்க.

குஷன் கூடக் கூட காலுக்கு வர்ற அடியும் கணக்கா குறைஞ்சுக்கிட்டே போகும்னு நெனச்சுடாதீங்க. மெத்துன்ன தரையில ஓடுனா நம்ம உடம்பு தானாவே கால விறைப்பாக்கிக்குது, கடினமான தரையில ஓடுனா காலக் கொஞ்சம் தளத்திக்குது. இது நமக்குத் தெரியாமலே ஓரிரு எட்டுக்குள்ள நடக்குற வேலை. அதனால ஷூவுல இவ்வளவு நுரை இருக்கு, இவ்வளவு பாதுகாப்புன்னு நேர்க்கணக்கு போட முடியாது. காயத்தத் தடுக்குறதுல எந்த ஷூ நல்லதுன்னு பாத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வெச்சு 2022ல காக்ரேன்ங்குற அமைப்போட (மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசுறவங்க) ஒரு அலசல் வந்துச்சு. ஷூ வகைய மாத்துறதால காயத்துல பெருசா வித்தியாசம் வர்றதுக்கு நம்பகமான ஆதாரம் இல்லன்னுதான் அதுலயும் இருந்துச்சு. இது குஷன் ஷூ கட்சிக்கும் பொருந்தும், வெறுங்கால் கட்சிக்கும் பொருந்தும்.

அப்ப அந்த அடி எங்க போகுது

என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த விஷயத்துலயும் இதுதான் முக்கியமான பகுதி, இங்க கொஞ்சம் நிதானமா படிங்க.

குதிகால்ல இறங்குறவங்களுக்கு வேலை அதிகமா முட்டிக்கும் தொடையோட முன்பக்கத்துக்கும் போகுது. முன்பாதத்துல இறங்க ஆரம்பிச்சா முட்டியோட சுமை குறையுது, குறிப்பா முட்டிச் சில்லுக்குப் பின்னாடி வர்ற அழுத்தம். ஆனா அந்தச் சுமை மறைஞ்சு போறதில்ல, கீழ இறங்குது. கணுக்கால், ஆடுசதை, ஆடுசதைய குதிகால் எலும்போட இணைக்குற தடிச்ச நார் (இதுக்கு அகில்லிஸ் டெண்டன்னு பேரு), விரல்களுக்குப் பின்னாடி பாதத்துல நீளமா இருக்குற அஞ்சு எலும்புகள், இவங்க எல்லாரும் சேர்ந்துதான் இப்ப அதைச் சுமக்கணும். போதாக்குறைக்கு உயரமான குதிகால் போயிட்டதால அகில்லிஸ் முன்ன விட ஒவ்வொரு எட்டுலயும் கூடுதலா நீள வேண்டி இருக்கு.

இப்ப அந்த ரெண்டு பேர் பேச்சுக்குத் திரும்பிப் போங்க. முட்டி வலி குறைஞ்சுதுன்னு சொன்னவருக்கு உண்மையிலேயே குறைஞ்சிருக்கலாம், ஏன்னா அவரோட முட்டிக்கு ஓய்வு கிடைச்சுது. எலும்புல விரிசல் விட்டவருக்கும் காரணம் அதேதான், முட்டியிலேருந்து இறங்குன சுமை தயாரா இல்லாத எலும்பு மேல போய் உட்கார்ந்துச்சு. வெறுங்கால்ல ஓடுறவங்களையும் ஷூ போட்டு ஓடுறவங்களையும் ஒப்பிட்டு 2016ல வந்த ஒரு ஆய்வுலயும் இப்படித்தான் இருந்துச்சு, ஓடுன தூரத்தக் கணக்குல எடுத்தா காய விகிதம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான், வந்த இடம்தான் வேற, வெறுங்கால்காரங்களுக்கு ஆடுசதையில கூட, முட்டியில கம்மி.

அதனால "ஷூ நல்லதா வெறுங்கால் நல்லதா"ங்குற கேள்வியே சரியில்லன்னு நான் நெனக்குறேன். "என் உடம்புல எந்த இடம் இப்ப கஷ்டப்படுது, எந்த இடம் இந்தச் சுமைய வாங்கத் தயாரா இருக்கு"ன்னு கேட்டாதான் பதில் கிடைக்கும்.

ஷூவக் கழட்டுனா ஓட்டம் தானா சரியாயிடுமா

இல்ல. நிறைய பேர் நம்புற விஷயம் இது, அதனால தனியா சொல்றேன். 2013ல வடக்கு கென்யாவுல தாசனாச் மக்கள் கிட்ட ஒரு ஆய்வு நடந்துச்சு. அவங்க காலம் பூரா வெறுங்காலோட வாழுறவங்க. அவங்களுக்குப் பிடிச்ச நிதானமான வேகத்துல நீண்ட தூரம் ஓடுற மாதிரி ஓடச் சொன்னா பெரும்பாலானவங்க, 72 சதவீதம், குதிகால்லதான் இறங்குனாங்க, வேகம் கூடுனப்பதான் முன்பாதத்துக்கு மாறுறது அதிகமாச்சு. ஆக வெறுங்கால்னாலே ஒரே மாதிரி ஓட்டம்னு ஒண்ணு கிடையாது, வேகம், தரை, எவ்வளவு தூரம் ஓடிப் பழக்கம், எல்லாம் சேர்ந்துதான் பாதம் எப்படி விழும்னு முடிவு பண்ணுது.

இதுலேயே இன்னொரு ஆபத்தும் இருக்கு. முழு வெறுங்கால்ல கடினமான தரையில குதிகாலக் குத்தி ஓடிப் பாருங்க, நாலஞ்சு எட்டுலயே வலி சொல்லிடும், உடம்பு மாத்திக்கும். ஆனா மெல்லிசான ஷூ போட்டுட்டா அந்த வலி பாதி மழுங்கிடுது, குஷனோ சுத்தமா இல்ல. விளைவு, பழைய மாதிரியே குதிகாலக் குத்தி ஓடுறாங்க, அடி முழுசா மேல ஏறுது. இந்த மாதிரி மெல்லிசான ஷூவையும் (மினிமலிஸ்ட் ஷூன்னு சொல்றாங்க) வெறுங்காலையும் ஒண்ணா வெச்சுப் பேசக்கூடாதுங்குறதுக்கு இதுதான் காரணம்.

காச்சுப் போன தோல் பத்தியும் ஒரு வார்த்தை. வெறுங்கால்ல நடந்து நடந்து அடிப்பாதம் தடிச்சுட்டா தரையோட உணர்ச்சி போயிடும்னு நெனப்போம். 2019ல நேச்சர்ல வந்த ஆய்வுப்படி அப்படி இல்ல, தோல் தடிச்சாலும் உணர்ச்சி அப்படியே இருக்கு. ஷூவோட குஷன் அப்படி இல்ல, அது தரைய மறைச்சுடுது.

மினிமலிஸ்ட் ஷூன்னா எது

கடையில "ஸீரோ ட்ராப்"னு எழுதியிருந்தா அதுதான் மினிமலிஸ்ட்னு எடுத்துக்குறாங்க. ஸீரோ ட்ராப்னா குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்துல இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அடியில ரெண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் நுரை இருந்தாலும் அது ஸீரோ ட்ராப்தான், ஆனா மினிமலிஸ்ட் கிடையாது.

2015ல துறை வல்லுநர்கள் 42 பேர் சேர்ந்து ஒரு விளக்கத்துக்கு வந்தாங்க. சுருக்கமா சொன்னா பாதத்தோட இயல்பான அசைவுல முடிஞ்ச அளவு குறுக்க வராத ஷூதான் மினிமலிஸ்ட் ஷூ. அதைப் பாக்க அஞ்சு விஷயம் வெச்சாங்க: எடை கம்மியா இருக்கணும், நல்லா வளையணும், அடிப்பாகம் மெல்லிசா இருக்கணும், ட்ராப் கம்மியா இருக்கணும், பாதம் உள்பக்கம் சாயாம முட்டுக் கொடுக்குற சமாச்சாரங்கள் இருக்கக்கூடாது. கையில எடுத்து சுருட்டிப் பாருங்க, முறுக்கிப் பாருங்க, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சுடும். இந்த அஞ்சும் ஆமா இல்லன்னு பதில் சொல்ற கேள்வி இல்ல, ஒவ்வொண்ணுலயும் கூடக் கொறைய இருக்கும், அதனால நடுவாந்திர ஷூக்களும் நிறைய உண்டு. மாற நெனக்குறவங்களுக்கு அந்த நடுவாந்திரம்தான் நல்ல படிக்கட்டு.

விளம்பரத்த அப்படியே நம்ப வேண்டாம். விரல் விரலா பிரிஞ்ச ஷூ விக்குற விப்ரம் நிறுவனம், பாதத்து தசைய வலுவாக்கும், காயத்தக் குறைக்கும்னு சொன்ன வாசகங்களுக்கு ஆதாரம் போதலன்னு போடப்பட்ட அமெரிக்க வழக்குல 2014ல 37.5 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டு சமரசம் பண்ணிக்கிச்சு, தப்புன்னு ஒத்துக்கல. அதுக்காக தசை வலுவாகாதுன்னு சொல்ல வரல. 2021ல இங்கிலாந்துல நடந்த ஒரு ஆய்வுல ஆறு மாசம் அன்றாட நடமாட்டத்துக்கு மினிமலிஸ்ட் காலணி போட்டவங்களோட பாத வலு சராசரியா 57 சதவீதம் கூடியிருந்துச்சு. கவனிங்க, அவங்க ஓடல, அன்றாட வேலையத்தான் செஞ்சாங்க.

வேகம் கூடுமா

இதுக்கு எல்லாரும் அபெபே பிகிலாவ இழுப்பாங்க. 1960 ரோம் ஒலிம்பிக்ல எத்தியோப்பியாவுக்காக மாரத்தான வெறுங்கால்ல ஓடி 2 மணி 15 நிமிஷம் 16 நொடியில ஜெயிச்சார், பிரமிக்க வைக்குற ஓட்டம். 1964 டோக்கியோவுல அதே பிகிலா ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிஷம் 11 நொடியில திரும்பவும் ஜெயிச்சார். இதை வெச்சு ரெண்டு பக்கமும் வாதாட முடியாது, அவர் எதுல ஓடுனாலும் ஜெயிக்குற ஆள். கால்ல 100 கிராம் கூடுனா சுமார் ஒரு சதவீதம் சக்தி கூட செலவாகும், அது உண்மை. ஆனா குஷனும் கொஞ்சம் உழைப்ப மிச்சம் பண்ணுது, அதனால எடை கம்மியான குஷன் ஷூவோட ஒப்பிட்டா வெறுங்காலுக்கு லாபம் ஒண்ணும் இல்ல.

எலும்புக்கு ஏன் இவ்வளவு நேரம்

ஆடுசதை வலி ரெண்டு மூணு நாள்ல போயிடும், சில வாரத்துல தசை பழகிடும். அங்கதான் ஏமாந்துடுறோம், தசை சரியாயிடுச்சுன்னா எல்லாம் சரின்னு தூரத்தக் கூட்டிடுறோம். நார் அதைவிட மெதுவா பழகும். எலும்பு இன்னும் மெதுவு, அதோட வேலையே வேற மாதிரி. புதுச் சுமை வந்தா எலும்பு முதல்ல பழைய பகுதிய அரிச்சு எடுத்துட்டு அப்புறம்தான் புதுசா கட்டுது. எடுத்ததுக்கும் கட்டுறதுக்கும் நடுவுல சில வாரங்கள் அந்த இடம் முன்ன இருந்ததவிட பலவீனமா இருக்கும், முழுசா முடிய மூணு நாலு மாசம் ஆகும். அந்த பலவீனமான நேரத்துலயே திரும்பத் திரும்ப இடிச்சா வர்ற மெல்லிய விரிசலுக்குத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு பேரு.

2013ல ஒரு ஆய்வுல அனுபவமுள்ள ஓட்டக்காரங்க 36 பேர எடுத்து ஒரு பாதிய 10 வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா விரல் ஷூவுக்கு மாத்துனாங்க. முடிவுல எம்ஆர்ஐ எடுத்தா மாறுனவங்கள்ல பாதிக்கு மேல பாத எலும்புக்குள்ள நீர் கோத்திருந்துச்சு, எலும்பு திணறுறதுக்கு அதுதான் முதல் அறிகுறி. 10 வாரம் நிதானமா மாறுனாலே இப்படின்னா ஒரே வாரத்துல மாறுறத நெனச்சுப் பாருங்க.

சுருக்கமா: தசை வாரத்துல பழகும், எலும்பு மாசத்துல பழகும், தூரத்த எலும்போட கணக்குக்குத்தான் கூட்டணும்.

ஆரம்பிக்கணும்னா

முதல் சில வாரம் ஓடவே வேணாம், வெறுங்கால்லயோ மெல்லிசான ஷூவுலயோ நடங்க. கூடவே படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகால மெதுவா ஏத்தி இறக்குற பயிற்சி, முதல்ல ரெண்டு காலும் சேர்த்து, அப்புறம் ஒத்தக் கால்ல. அதுவே வலிச்சா ஓட இன்னும் நேரம் வரலன்னு அர்த்தம்.

ஓட ஆரம்பிக்கிறப்ப வழக்கமான ஓட்டத்த வழக்கமான ஷூவுலயே முடிச்சுட்டு, கடைசியில சில நூறு மீட்டர் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தரை சுத்தமா, சமமா, கொஞ்சம் கடினமா இருக்கட்டும். புல்லுல ஆரம்பிக்கணும்னு பலரும் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. புல்லு குதிகால் குத்துறத மறைச்சுடுது, அடியில கல்லோ கண்ணாடியோ கிடந்தாலும் தெரியாது.

ஓடுற விதத்துல ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரு நிமிஷத்துக்கு எத்தன எட்டு வைக்குறோம்ங்குறதுக்கு கேடன்ஸ்னு பேரு, இப்ப உங்களுக்கு எவ்வளவு வருதோ அதைவிட 5லேருந்து 10 சதவீதம் மட்டும் கூட்டுங்க. எட்டு சின்னதாகும், பாதம் உடம்புக்கு முன்னாடி தூரமா போய் விழாம கீழயே விழும், முட்டி இடுப்பு ரெண்டுக்கும் சுமை குறையும். இதை ஷூவோடயே செய்யலாம், உண்மையச் சொன்னா ஷூவ மாத்தாம இதை மட்டும் செஞ்சாலே பலருக்குத் தேடி வந்தது கிடைச்சுடும். 180தான் சரியான எண்ணுன்னு யாராவது சொன்னா அதைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம், உயரத்துக்கும் வேகத்துக்கும் தகுந்த மாதிரி மாறும். நுனிக்கால்லயே ஓடிக்கிட்டு குதிகாலத் தரையில வைக்காம இருக்குறதும் தப்பு, ஆடுசதைக்கு ஓய்வே கிடைக்காது, ஒவ்வொரு எட்டுலயும் குதிகால் தரையத் தொட்டே ஆகணும்.

எப்ப நிறுத்தணும், யாருக்கு வேண்டாம்

ரெண்டு ஆடுசதையும் ஒரே மாதிரி கனத்து வலிச்சா பழக்கமில்லாத உழைப்பு, வலி போற வரைக்கும் ஓய்வு எடுத்துட்டுத் தொடரலாம். ஒரு கால்ல மட்டும், பாதத்து மேல்பக்கம் விரல் வெச்சுக் காட்டுற மாதிரி ஒரே புள்ளியில வலிச்சா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சா, ஓட்டத்த அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க. ஆரம்பத்துல எக்ஸ்ரேயில விரிசல் தெரியாமப் போறது உண்டு, அதனால எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு மறுபடி ஓடிடாதீங்க. காலையில முதல் எட்டுல குதிகாலுக்கு மேல நார் விறைச்சுக்கிட்டு வலிச்சா அது அகில்லிஸ், தூரத்தக் குறைச்சே ஆகணும்.

சர்க்கரை நோயால பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க வெறுங்கால்ல ஓடவே கூடாது, காயம் பட்டாலும் தெரியாது, அது புண்ணாகி எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. அகில்லிஸ்ல ஏற்கனவே பிரச்சனை இருக்குறவங்க, முன்னாடி பாதத்துல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்தவங்க, பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் கூட இருந்து பாக்காம இதுல இறங்க வேண்டாம். மண் தரையில ஓடுறவங்க டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாத்துக்கணும், மண்ணுலேருந்து பாதத் தோல் வழியா கொக்கிப்புழு ஏற வாய்ப்பு இருக்குற இடங்கள்ல ஷூ இல்லாம ஓடுறதத் தவிர்க்கணும்.

இப்ப போட்டிருக்குற ஷூவுல வருஷக்கணக்கா வலி இல்லாம ஓடிக்கிட்டு இருக்கீங்கன்னா, மத்தவங்க சொல்றாங்கன்னு மாற ஒரு காரணமும் இல்ல. முட்டியோட முன்பக்கம் திரும்பத் திரும்ப வலிக்குது, ஆடுசதையும் அகில்லிஸும் நல்லா இருக்குன்னா, உங்களுக்குத்தான் இது முயற்சி பண்ணிப் பாக்குற அளவுக்குப் பொருத்தமானது. ஒரு பந்தயத்துக்குப் பதிவு பண்ணிட்டு அதுக்கு முன்னாடி அவசர அவசரமா மாறாதீங்க, பந்தயம் எதுவும் இல்லாத ஒரு நாலஞ்சு மாசத்த இதுக்குன்னே ஒதுக்குங்க.